இருநூற்றுப் பன்னிரண்டாம் எண்

சுங்காய்
12.1.1984

மரியாதைக்குரிய அண்ணி அவர்களுக்கு,

தம்பி அர்ச்சுனன் வணங்கி எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரி பாப்பாவும் கடவுள் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம். பாப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது. ஆனாலும் பொங்கலுக்கு வெல்லம் வாங்கி வைத்துவிட்டாள். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

அண்ணி, எழுதவே கை வராத ஒரு விஷயம். நாலு வருஷத்துக்கு முன்னால் நம்ம ரப்பர் தோட்டத்துப் பிச்சைமுத்து லாரி வாங்கச் சங்கத்தில் கடன் எடுத்தான். நீங்களும் பத்துமலையும் ஜாமீன் கையெழுத்துப் போட்டீர்கள். பிச்சைமுத்து சிங்கப்பூருக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது, விலாசம் இல்லை. பத்துமலையும் போன வருஷம் தவறிவிட்டான். வட்டியோடு 4,800 வெள்ளி நிற்கிறது. தோட்டத்து ஜனங்களுக்கு நம்ம கூட்டுறவு நாணயச் சங்கம்தான் பேங்கு என்று உங்களுக்கே தெரியும். போன கமிட்டிக் கூட்டத்தில் தலைவர் உடையப்பன் மேசையைத் தட்டி, "செயலாளரோட அண்ணின்னா சும்மா விட்டுடுவோமா லா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். எனக்கு வேறு வழி இல்லை.

ஈப்போ மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் கேஸ் போட்டிருக்கிறோம். சம்மன் வரும், பயப்பட வேண்டாம். நீங்கள் படித்தவர்கள், பேர் உள்ளவர்கள். ஒரு செக் அனுப்பிவிட்டால் கோர்ட்டுப் படி ஏறாமலே முடிந்துவிடும்.

பாப்பா எலுமிச்சை ஊறுகாய் போட்டிருக்கிறாள். பஸ்காரரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

உங்கள் ஆசியை வேண்டும்,
அர்ச்சுனன்


புந்தோங், ஈப்போ
21.1.1984

அர்ச்சுனனுக்கு,

முழங்கால் இருந்த இடத்திலேயே இருக்கிறது, வலியும் அப்படியே. மற்றபடி நலம். சர்க்கரை நோய்க்காரி வெல்லம் வாங்குவதை நீ வேடிக்கை பார்க்கிறாய் என்பதையும் அறிந்தேன்.

சம்மன் வந்தது. கொண்டுவந்தவர் வாசலில் நின்று "காளியம்மா, காளியம்மா" என்று மூன்று முறை கூவினார். அக்கம்பக்கத்தார் எல்லாரும் ஒரே நேரத்தில் வெளியே வந்து செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். அப்போது மழை பெய்துகொண்டிருந்தது.

படித்தவள் மானத்துக்குப் பயந்து காசோலை அனுப்பிவிடுவாள் என்று கணக்குப் போட்டிருக்கிறாய். இருபத்தொன்பது ஆண்டுகள் வரலாறு கற்பித்தவள் நான். மானத்துக்குப் பயந்தவர்கள் செய்த காரியங்களைப் பற்றிப் போதுமான அளவு வாசித்திருக்கிறேன். அந்த வரிசையில் சேரும் எண்ணம் இல்லை.

கடனை நான் மறுக்கவில்லை. கையெழுத்து என்னுடையது. என் கேள்வி ஒன்றுதான்: ஏன் நீதிமன்றம்?

நகர நூலகத்துக்குப் போய்க் கூட்டுறவுச் சட்டத்தை வாசித்தேன். சங்கத்துக்கும் அதன் உறுப்பினருக்கும் இடையே கடன் தொடர்பாக எழும் வழக்கு கூட்டுறவுப் பதிவாளரிடம் போக வேண்டும். அவரே விசாரிப்பார், அல்லது ஒருவரை நியமித்து விசாரிக்கச் செய்வார். இது உனக்குத் தெரியாதது அல்ல. பதினெட்டு ஆண்டுகளாகச் செயலாளராக இருக்கிறாய். தேநீர்ச் செலவுக்குக்கூடத் தீர்மானம் போடும் உங்கள் சங்கம், வழக்கறிஞருக்குப் பணம் கொடுத்து நீதிமன்றத்துக்குப் போனது ஏன்?

1969இல் உன் அண்ணன் இறந்த ஐந்தாம் நாள், சங்கம் தரும் சாவுப் பணம் இருநூறு வெள்ளியைப் பழுப்பு உறையில் போட்டு நீதான் என் கையில் கொடுத்தாய். நாள் தவறாமல் அதைச் செய்த சங்கத்துக்குச் சட்டத்தின் ஒரு பிரிவு மறந்துவிட்டது என்பதை நம்பச் சிரமமாக இருக்கிறது.

ஊறுகாய் வந்தது. உப்பு அதிகம்.

காளியம்மா


சுங்காய்
6.2.1984

மரியாதைக்குரிய அண்ணி அவர்களுக்கு,

தம்பியின் வணக்கம். இங்கே மழை விடவில்லை, பாப்பாவுக்குச் சளி. நீங்கள் குளிர்ந்த தண்ணீரில் குளிக்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். சங்கத்து வழக்கறிஞர் பழனியப்பன் சொன்னார், பதிவாளர் ஆபீஸ் போனால் வருஷக்கணக்கில் இழுக்கும், கோர்ட்டென்றால் மூன்று மாசம். அவ்வளவுதான் காரணம். வேறு ஒன்றும் இல்லை.

நீங்கள் மெம்பர் இல்லை என்று யாரும் சொல்லவில்லை அண்ணி. அண்ணன் நம்பர் 212 அவர் இறந்த மாசமே உங்கள் பேருக்கு வந்துவிட்டதே. மாசாமாசம் ஐந்து வெள்ளி சந்தாவுக்கு உங்கள் பேரில்தானே ரசீது போட்டு அனுப்புகிறேன். ஆனால் இதையெல்லாம் கோர்ட்டில் எடுத்துப் பேச வேண்டாம். பேசினால் சிக்கலாகும். ரொக்கமாகக் கட்ட முடியாவிட்டால் தவணை வாங்கித் தருகிறேன், என் பொறுப்பு.

இப்படிக்கு,
அர்ச்சுனன்


புந்தோங், ஈப்போ
23.2.1984

அர்ச்சுனனுக்கு,

பாப்பாவின் சளி தேறியிருக்கும் என்று நினைக்கிறேன். நான் வெந்நீரில்தான் குளிக்கிறேன். வழக்கு நடந்த அன்று நீ வரவில்லை. ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

மாஜிஸ்திரேட் ஓர் இளம் பெண். என் வயதில் பாதிகூட இல்லை. நான் வழக்கறிஞர் வைக்கவில்லை என்றதும் நாற்காலி போடச் சொன்னார். நின்றுகொண்டே பேசுகிறேன் என்றேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க எனக்குப் பதினைந்து நிமிடம் ஆகும். நான் சங்க உறுப்பினர், ஆகவே இந்த வழக்கை விசாரிக்கும் அதிகாரம் இந்த மன்றத்துக்கு இல்லை என்று சொன்னேன்.

உங்கள் பழனியப்பன் துள்ளி எழுந்தார். "எதிர்வாதி உறுப்பினரே அல்ல. இறந்துபோன இராமசாமி என்பவரின் மனைவி, அவ்வளவுதான். உறுப்பினர் அல்லாதவர் மீது இங்கேதான் வழக்குத் தொடர முடியும்."

நான் ரசீதுக் கட்டை மேசைமேல் வைத்தேன். சணல் கயிற்றில் கட்டியிருந்தேன்.

"இவர் உறுப்பினர் இல்லையென்றால் இந்த ஐந்து வெள்ளி எதற்கு?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"அது ஒருவகையில் நன்கொடை என்று..."

"நூற்று எழுபத்து மூன்று மாதங்களாகவா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார். அடுத்த விசாரணை ஜூன் பதினான்காம் தேதி. அன்றைக்கு உறுப்பினர் பதிவேட்டைக் கொண்டுவரும்படி சங்கத்துக்கு உத்தரவு.

நீ எழுதுகிறாய், நான் உறுப்பினர் என்று. உன் வழக்கறிஞர் சொல்கிறார், நான் உறுப்பினர் அல்ல என்று. இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல முடியும். நான் உறுப்பினர் என்றால் வழக்கு பதிவாளரிடம் போகும். அல்ல என்றால் உன் அண்ணனின் பங்குப் பணம் பதினான்கு ஆண்டுகளாக எனக்கு வர வேண்டியிருக்கிறது. உறுப்பினர் அல்லாதவள் ஜாமீன் நிற்க உங்கள் துணைவிதிகளில் இடமும் இல்லை. எதைச் சொன்னாலும் யாரோ ஒருவர் பதிவேட்டைத் திறந்துதான் ஆக வேண்டும். அதில் என்ன இருக்கிறது, அர்ச்சுனா?

பதிலை எதிர்பார்க்கும்,
காளியம்மா


புந்தோங், ஈப்போ
9.4.1984

அர்ச்சுனனுக்கு,

ஆறு வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உடம்புக்கு ஏதேனும் என்றால் பாப்பா எழுதியிருப்பாள். ஆகவே உடம்புக்கு ஒன்றுமில்லை.

உன் பதிலுக்குப் பதிலாகப் பத்துமலையின் மனைவி மாரியம்மா வந்தாள். இரண்டு பஸ் மாறி, கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"டீச்சரம்மா, ஒங்க கேஸு முடிஞ்சாத்தான் எனக்குப் பணம்னு சொல்றாங்க. எப்பம்மா முடியும்?"

"எந்தப் பணம்?"

"எம் புருசன் பங்கு. எழுநூத்து நாப்பது வெள்ளி. மொத கேட்டப்ப, நம்பரு ஒனக்கு வந்துருச்சுல்ல, அப்புறம் பணம் எதுக்குன்னாங்க. இப்ப கேட்டா கேஸுங்கிறாங்க. தோட்டத்துல ரப்பர வெட்டிட்டு எண்ணெய்க்குச் செம்பனை போடப் போறாங்கம்மா. நாங்க குடியிருக்குற லயத்து வீட்ட இடிக்கிறாங்க. மலிவு வீட்டுக்கு ஆகஸ்டு கடைசிக்குள்ள ஐநூறு கட்டணும். இல்லேன்னா வீடு அடுத்த ஆளுக்கு."

"நம்பர் வந்துவிட்டது என்றால் என்ன அர்த்தம்? நீ மனு எழுதிக் கொடுத்தாயா?"

அவள் என்னை இரக்கத்துடன் பார்த்தாள். "மனு என்னத்துக்கு? காலைல ஆள் கணக்கெடுக்குற பெரட்டுல மாதிரிதாங்க. ஆம்பள செத்துட்டா மறுநா காலைல அதே நம்பரக் கூப்புடுவாங்க. பொம்பள 'ஆஜருங்க'ன்னு சொல்லணும். சொன்னா வேலையும் வீடும் தங்கும். சொல்லலேன்னா வேற ஆளு. சங்கத்துலயும் கூப்புட்டாங்க. சொன்னேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தோட்டத்தின் ஆள்கணக்கில் நடந்ததையே நீங்கள் சங்கத்தின் பதிவேட்டிலும் நடத்தியிருக்கிறீர்கள். ஆள் இறந்தால் எண் இறப்பதில்லை; மனைவி அதற்குள் நுழைந்துகொள்கிறாள். ஆனால் ஆள்கணக்கில் எண் என்பது வேலை. சங்கத்தில் எண் என்பது பணம். கணவனின் கணக்கை முடித்து, பங்கைத் திருப்பிக் கொடுத்து, சாவுப் பணமும் கொடுத்த பிறகுதான் மனைவியைப் புதிதாகச் சேர்த்திருக்க வேண்டும். நீங்கள் எண்ணை மட்டும் கொடுத்திருக்கிறீர்கள். மாரியம்மாவின் லயத்தில் மட்டும் இப்படி ஒன்பது பெண்கள் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினாள். பதிவாளரிடம் போகாமல் நீதிமன்றத்துக்கு ஓடியதன் காரணமும் இதுதான். மாஜிஸ்திரேட் ஒரு தாளைப் பார்ப்பார். பதிவாளர் முழுப் புத்தகத்தையும் கேட்பார்.

இன்னொன்று. மாரியம்மாவுக்குச் சாவுப் பணம் தரவில்லை. அந்த ஒன்பது பேரில் எவருக்கும் தரவில்லை. எனக்கு மட்டும் ஐந்தாம் நாளே வந்தது. செயலாளரின் அண்ணன் மனைவிக்கு ஒரு நியாயம், ரப்பர்ப் பால் வெட்டும் பெண்ணுக்கு இன்னொன்றா? இதற்குப் பதில் எழுது. மற்றவற்றுக்கு எழுதாவிட்டாலும் இதற்கு எழுது.

காளியம்மா


சுங்காய்
20.4.1984

மரியாதைக்குரிய அண்ணி அவர்களுக்கு,

தாமதமாகப் புத்தாண்டு வாழ்த்து. எங்கள் இருவருக்கும் உடம்பு பரவாயில்லை. உங்கள் கண்ணுக்குச் சொட்டு மருந்து தவறாமல் போடுகிறீர்களா?

கமிட்டி கூடிப் பேசியது. நான் ரொம்பப் போராடி ஒரு நல்ல முடிவு வாங்கியிருக்கிறேன். நீங்கள் ஜூன் மாசம் கோர்ட்டில், "ஆமாம், நான் மெம்பர் இல்லை" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மெம்பர் இல்லாதவர் ஜாமீன் செல்லாது என்று பழனியப்பன் அங்கேயே ஒத்துக்கொண்டு கேஸை எடுத்துவிடுவார். நீங்கள் ஒரு காசு கட்ட வேண்டாம். 4,800 வெள்ளி. உங்கள் பென்ஷனில் ஒரு வருஷம். அண்ணனுடைய பங்கும் உங்களுக்குத் தனியாக வந்துவிடும். கூரை ஒழுகுகிறது என்று சொன்னீர்களே, அதையும் மாற்றிக்கொள்ளலாம்.

உங்கள் மற்றக் கேள்விக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. விட்டுவிடுங்கள்.

அன்புடன்,
அர்ச்சுனன்


புந்தோங், ஈப்போ
27.4.1984

அர்ச்சுனனுக்கு,

சொட்டு மருந்து போடுகிறேன். உன் கடிதத்தைத் தெளிவாக வாசிக்க முடிந்தது.

கூரை ஒழுகுவது நான்கு இடங்களில். நான்கு வாளிகள் இருக்கின்றன. உன் கமிட்டியின் தயவு தேவைப்படவில்லை.

நான் உறுப்பினர் அல்ல என்று சொன்னால் நான் மட்டும் தப்புவேன். 212ஆம் எண்ணைப் பார்த்துவிட்டுப் பதிவேட்டை மூடிவிடுவார்கள். மற்றப் பெண்கள் இறந்தவர்களின் எண்களுக்குள் உட்கார்ந்து மாதம் ஐந்து வெள்ளி கட்டிக்கொண்டிருப்பார்கள். மாரியம்மா ஆகஸ்டு முடிவில் தெருவில் நிற்பாள்.

நான் உறுப்பினர் என்றுதான் சொல்வேன். சத்தியம் செய்தும் சொல்வேன். சொன்னால் வழக்கு பதிவாளரிடம் போகும், கடன் என் தலையில் நிற்கும். தெரியும். கூட்டல் கழித்தல் எனக்கும் வரும்.

எத்தனை பேர், அர்ச்சுனா? எண்ணிக்கையை மட்டும் எழுது.

காளியம்மா

பி.கு. நீ விட்டுவிடச் சொன்ன கேள்வியை நான் விடவில்லை. பதில் சொல்லாதவனைப் பற்றி என்ன நினைப்பது வழக்கமோ, அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.


சுங்காய்
19.5.1984

அண்ணிக்கு,

உடம்பு விசாரிக்க மனசில்லை. மன்னிக்கவும்.

நாற்பத்தேழு பேர். போதுமா?

நீங்கள் ஈப்போவில் உட்கார்ந்து நூலகத்துப் புத்தகத்தைப் படித்துவிட்டு எங்களைத் திருடர்கள் மாதிரி எழுதுகிறீர்கள். யாரும் ஒரு காசு எடுக்கவில்லை. நான் வருவதற்கு முன்னாலேயே அப்படித்தான் நடந்தது. முதல் முதலில் ஒரு பெண்ணிடம் கணக்கை முடித்துப் பணத்தைக் கையில் கொடுத்தபோது, அவள் வாங்க மாட்டேன் என்று அழுததாகச் சொல்வார்கள். "என்னையப் பேர் வெட்டிட்டீங்களா?" என்று கேட்டாளாம். எங்கள் ஜனங்களுக்குப் பணத்தை முடிக்கிறது என்றால் தோட்டத்தை விட்டு விரட்டுகிறது. அதனால் நம்பரை மாற்றிக் கொடுத்தார்கள். எல்லாருக்கும் அது நிம்மதியாக இருந்தது. அந்தப் பணத்தை மற்றவர்களுக்குக் கடன் கொடுத்தோம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போச்சு, கல்யாணம் நடந்துச்சு, பிச்சைமுத்து லாரி வாங்கினான். இப்போது நாற்பத்தேழு பேரும் ஒரே நாளில் கேட்டால் சங்கத்தில் எங்கே இருக்கிறது? சங்கம் உடைந்தால் இவர்கள் வட்டிக்காரன் வாசலில்தான் நிற்க வேண்டும். அது உங்களுக்குச் சந்தோஷமா?

எனக்குத் தெரியும், தப்புத்தான். பதினைந்து வருஷமாகத் தெரியும். யாரிடம் சொல்லுவது என்று தெரியவில்லை. சொல்லாமல் இருந்தால் ஒரு நாள் கழியும், இன்னொரு நாள் கழியும். அப்படியே கழிந்துவிட்டது.

கோர்ட்டுக்கு நானே பதிவேட்டைக் கொண்டு வருகிறேன். நீங்கள் செய்ய நினைத்ததைச் செய்யுங்கள்.

அர்ச்சுனன்


புந்தோங், ஈப்போ
16.6.1984

அர்ச்சுனனுக்கு,

நீ என்னுடன் பேசாமலே ஊருக்கு பஸ் ஏறிவிட்டதால் எழுதுகிறேன். நேற்று முன்தினம் நீ மெலிந்து தெரிந்தாய். பாப்பாவிடம் சொல்லி முட்டை சாப்பிடு.

தீர்ப்பை நீயும் கேட்டாய். என் பெயர் 212க்கு நேரே உன் கையெழுத்தில் இருக்கிறது. பதினான்கு ஆண்டுகள் சந்தா வாங்கியிருக்கிறீர்கள். உறுப்பினர் அல்ல என்று இப்போது சொல்ல முடியாது. ஆகவே இந்த மன்றத்துக்கு அதிகாரமில்லை. பழனியப்பன் பதிவேட்டை மூடப் போனபோது மாஜிஸ்திரேட் கேட்டாரே: "இந்தப் பக்கத்தில் ஏன் இத்தனை பெயர்கள் அடிக்கப்பட்டு, மேலே பெண்களின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது?" பழனியப்பன் பதிவேட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

வெளியே வந்ததும் உடையப்பன் என்னைப் பார்த்து, "ஜெயிச்சிட்டீங்க டீச்சர், ஆனா காசு கட்டணும் தெரியும்லா?" என்றார். "ஜெயித்ததற்கான கட்டணம்" என்றேன். அவருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை.

பதிவாளர் அலுவலகம் என் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம். நேற்றே போய் மனுக் கொடுத்துவிட்டேன். என் கடனைப் பற்றி ஒரு பக்கம், மற்ற நாற்பத்தாறு பேரைப் பற்றி மூன்று பக்கம். மாரியம்மாவின் வீட்டுக் கெடுவைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டேன். ஆசிரியத் தொழிலின் எச்சம்.

உன் கோபக் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். அதில் பொய் எதுவும் இல்லை. நீ எழுதிய கடிதங்களில் அது ஒன்றுதான் நன்றாக இருந்தது. சங்கம் உடையும் என்கிறாய். ஏமாற்றினால்தான் நிற்கும் என்றால் அது உடையட்டும். உடையாது என்பது என் எண்ணம். அந்தப் பெண்களை நீங்கள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

காளியம்மா


சுங்காய்
22.9.1984

மரியாதைக்குரிய அண்ணி அவர்களுக்கு,

வணக்கம். மூன்று மாசம் எழுதவில்லை. எழுதுவதற்கு முகம் இல்லை. பாப்பாவுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது. நீங்கள் சொன்னபடி முட்டை சாப்பிடுகிறேன். உங்கள் சுகத்தை இரண்டு வரி எழுதுங்கள்.

பதிவாளர் நியமித்த அதிகாரி ஆகஸ்டில் மூன்று நாள் இங்கே இருந்தார். சைக்கிள் கடை மாடியில் நம்ம ஆபீஸில்தான் விசாரணை. மாடிப்படி முழுக்கப் பெண்கள். அவருக்குத் தமிழ் தெரியாது, நான்தான் மொழிபெயர்த்தேன். அவர் ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட்டார். கூப்பிட்டவுடன் எழுந்து நின்று, "ஆஜருங்க" என்கிறார்கள். அவர் என்னிடம், "நம்பர் என்னிடமே இருக்கிறது. பேரைச் சொல்லச் சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். அந்த முதல் அம்மா புருஷன் பேரைச் சொன்னாள். "ஒன் பேர்மா" என்றேன். அவளுக்கு வெட்கம் வந்துவிட்டது. பின்னாலிருந்து மாரியம்மா, "அடியே, ஒம் பேரு ஒனக்கே மறந்துருச்சா? நா வேணா சொல்லவா?" என்று சத்தம் போட்டதும் மாடியே சிரித்தது. அதிகாரியும் என்னவென்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

முடிவு வந்துவிட்டது. நாற்பத்தேழு பேருக்கும் புருஷன் பங்கும் சாவுப் பணமும் கொடுக்க வேண்டும், இரண்டு வருஷத்துக்குள். வீட்டுக்குப் பணம் கட்ட வேண்டியவர்களுக்கு முதலில். மாரியம்மா ஆகஸ்டு இருபத்தெட்டாம் தேதி ஐநூறு கட்டி, ரசீதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டாள். அதற்கு மேல் எல்லாரும் சொந்தப் பேரில் மெம்பர்தான். நீங்கள் சொன்ன மாதிரி சங்கம் உடையவில்லை. பதினொரு பேர்தான் முழுப் பணத்தையும் கேட்டார்கள். மற்றவர்கள், "எம் பேர்ல எழுதிப் போட்டு வையி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

உடையப்பன் ராஜினாமா. எனக்கு எழுத்தில் கண்டனம். கணக்கை முடிக்கும் வரை சம்பளம் இல்லாமல் வேலை செய்ய வேண்டும், செய்கிறேன். ஒளிக்க ஒன்றும் இல்லாததால் தூக்கம் வருகிறது.

உங்கள் ஜாமீன் செல்லும் என்று முடிவு. 4,800 வெள்ளி, மேற்கொண்டு வட்டி இல்லை, மாசம் நூறு. அண்ணனுடைய பங்கு 612 வெள்ளியும் சாவுப் பணம் 200 வெள்ளியும் இத்துடன் செக்காக அனுப்பியிருக்கிறேன்.

அந்தச் சாவுப் பணத்தைப் பற்றி அதிகாரி என்னைக் கேட்டார். "இவர் 1969இலேயே வாங்கிவிட்டதாக மனுவில் எழுதியிருக்கிறார். கணக்கில் அப்படி ஒரு செலவே இல்லையே?" என்றார். தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன்.

தங்கள் அன்புள்ள,
அர்ச்சுனன்


புந்தோங், ஈப்போ
1.10.1984

அர்ச்சுனனுக்கு,

சுகம் கேட்டிருந்தாய்: முழங்கால் அப்படியே, கண் தெளிவாக இருக்கிறது, வாளிகள் இப்போது ஐந்து.

முதல் தவணை நூறு வெள்ளியைக் கட்டிவிட்டேன். நாற்பத்தெட்டு மாதங்கள். எழுபத்திரண்டு வயது வரை சாகாமல் இருக்க எனக்கு ஒரு கடமை ஏற்பட்டிருக்கிறது. வேறு எவரும் இவ்வளவு நல்ல காரணம் தந்ததில்லை. பிச்சைமுத்துவின் விலாசம் கிடைத்தால் அனுப்பு. அவனுக்கு நான் எழுதப் போகும் கடிதம் தயாராக இருக்கிறது.

காசோலை வந்தது. 612 வெள்ளி உன் அண்ணனுடையது, எடுத்துக்கொண்டேன். இருநூறு வெள்ளியைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

சங்கத்தின் கணக்கில் 1969இல் அப்படி ஒரு செலவு இல்லை. என் கையில் பழுப்பு உறை இருந்தது. இரண்டும் உண்மை. அப்படியானால் பணம் வேறெங்கிருந்தோ வந்திருக்க வேண்டும். உன் அண்ணனுக்குப் பதினாறாம் நாள் காரியம் நடந்தபோது பாப்பாவின் கைகளில் தங்க வளையல் இல்லை. துக்கத்துக்காகக் கழற்றியிருக்கிறாள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். தாலி அறுத்தவள் நான்; அவள் எதற்காகக் கழற்ற வேண்டும் என்று யோசிக்கவில்லை. அதற்கு அடுத்த தீபாவளியிலும் அவள் கையில் கண்ணாடி வளையல்தான் இருந்தது. வரலாற்று ஆசிரியை பதினைந்து ஆண்டுகள் தாமதமாகச் சான்றுகளைச் சேர்த்துப் பார்க்கிறாள்.

ஏப்ரலில் நான் உன்மேல் சுமத்திய குற்றத்தைத் திரும்பப் பெறுகிறேன். நீ வாயைத் திறந்து ஒரு வரி எழுதியிருந்தால் இரண்டு கடிதங்கள் மிச்சமாகியிருக்கும். மற்றக் குற்றங்கள் அப்படியே நிற்கின்றன.

சங்கம் இப்போது உண்மையாகவே கொடுத்திருக்கும் இந்த இருநூறு வெள்ளியை இன்று அஞ்சலகத்தில் மணியார்டராகக் கட்டிவிட்டேன். உன் பெயருக்கு இல்லை, பாப்பாவின் பெயருக்கு. அவளே போய்க் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். அவள் தயங்குவாள், நீ "திருப்பி அனுப்பிடு" என்பாய். அனுப்பினால் அவள் பணத்தை அவளுக்குச் சேரவிடாமல் தடுத்தாய் என்று உன்மேல் வழக்குப் போடுவேன். இது சங்கத்தின் கடன் அல்ல. பாப்பா உறுப்பினரும் அல்ல. ஆகவே பதிவாளரிடம் ஓடி ஒளிய உனக்கு வழியில்லை. தொகை இருநூறு. ஈப்போ மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு இதை விசாரிக்க முழு அதிகாரம் உண்டு. நூலகத்தில் பார்த்துவிட்டேன்.

அடுத்த முறை ஊறுகாயில் உப்பைக் குறைக்கச் சொல்.

காளியம்மா
உறுப்பினர்